ஸ்டுடியோ சங்கிலி

அந்தப் போட்டோவ நான் எடுத்திருக்கவே கூடாது. எடுத்ததுதான் எடுத்தேன், புள்ளைக்கு அந்தச் சங்கிலியப் போட்டிருக்கக் கூடாது. சரி, சங்கிலி போட்டாச்சு, அதோட விட்டிருக்கோணும். கை நெறைய வளையல் என்னத்துக்கு, பட்டுப்பாவாடை என்னத்துக்கு, கன்னத்துல ஒரு கைய வெச்சுக்கிட்டுத் தலைய ஒருபக்கமாச் சாச்சு நிக்கிறது என்னத்துக்கு? புள்ளைக் காப்பகத்துல மத்தியானச் சோத்துக்கு எழுதிக் குடுக்குற பாரம், அதுல ஒட்டத்தான் போட்டோ கேட்டாங்க. மூணரை வயசுப் புள்ளைய அதுல பாத்துட்டு யாரு என்ன மாப்பிள்ளையா கொண்டாரப் போறாங்க? அட கெரகமே. புத்திய எங்க கொண்டுபோய் வெச்சிருந்தேன் நான். இப்ப மறுபடியும் இந்த மானிய ஆபீசு வரிசையோட கடைசியில வந்து நிக்கிறேன். காலையில ஒம்பதரைக்கு வந்து, கால் மாத்திக் கால் மாத்தி நின்னு, ஒருவழியா மூணாம் நம்பர் ஜன்னல்கிட்டப் போய்ச் சேந்தா, கண்ணாடிய நெத்தியில ஏத்தி விட்டிருக்குற அந்த ஆளு பாரத்தை வாங்குறான், ஒரு பொரட்டுப் பொரட்டுறான், போட்டோவுல கண்ணு நிக்குது. “ஏம்மா, கழுத்துல ரெண்டு பவுனு தொங்குது, கை நெறைய வளையலு, பட்டுப்பாவாடை. இந்தப் புள்ளைக்கா மானியச் சோறு? ஒண்ணுமில்லாததுக எத்தனையோ காத்துக் கெடக்குது, போம்மா”ன்னு பாரத்தை என்ற பக்கமே தள்ளி விட்டுட்டான். அடுத்ததுன்னான். அவ்வளவுதான். கம்பெனியில சூப்பர்வைசரையே நிக்க வெச்சுக் கேள்வி கேக்குற துளசிமணி, தண்ணிக் கொழாய்கிட்ட நாலு பேரோட மல்லுக்கு நிக்கிற துளசிமணி, அந்த ஜன்னல் முன்னால வாயில கொழுக்கட்டைய வெச்ச மாதிரி நின்னேன். பின்னால இருந்தவிய இடிச்சாங்க, நகந்துட்டேன். நகந்ததுக்கு அப்பறம்தான் வாயில வார்த்தை வருது, வண்டி வண்டியா வருது, அதைக் கேக்க யாரு இருக்கா? இன்னிக்குத்தான் கடைசி நாள். ஒரு மணிக்கு ஜன்னலச் சாத்திருவாங்க. இதை விட்டா அடுத்த லிஸ்ட்டு தை மாசம்ங்கறாங்க, இது ஆனி மாசம். செவுத்துல கடிகாரம் பதினொண்ணே காலுங்குது. முன்னால பதினேழு பேரு நிக்கிறாங்க.

சார், அது ஸ்டுடியோக்காரரு சங்கிலிங்க சார். இப்படித்தான் ஆரம்பிக்கோணும். இல்ல, சார்னு ரெண்டு தடவை சொன்னா அழுகுற மாதிரி இருக்கும். அது கவரிங்குங்க, எங்களுது இல்லீங்க, போட்டோ எடுக்குறவரு போட்டு விட்டதுங்க. அதுக்கு அவன் என்ன சொல்லுவான், எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்கம்பான். அவன் சொல்றதுலயும் என்ன தப்பு? யாரா இருந்தாலும் அப்படித்தானே சொல்லுவாங்க. உண்மையச் சொல்றவளும் பொய் சொல்றவளும் அந்த ஜன்னல் முன்னால ஒரே வார்த்தையத்தான் சொல்லியாகோணும். போட்டோன்னா நாலு பேரு பாக்குறது, நல்லா இருக்கோணும். இதை எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சது. எங்கூட்டுல இதுக்கு முந்தி எடுத்ததெல்லாம் போன்ல எடுத்தது. ஸ்டுடியோ போட்டோன்னு என்ற மக நித்துவுக்கு இதுதான் மொதல். அந்த ஸ்டுடியோக்கார அண்ணன் புள்ளையப் பாத்தாரு, ஒரு பிஸ்கட் டப்பாவத் தெறந்தாரு. அதுக்குள்ள சங்கிலி, வளையலு, நெத்திச்சுட்டி, பசங்களுக்குச் செவப்புக் கோட்டு, கருப்புக் கண்ணாடி. பாவாடை மட்டும் என்ற நாத்தனா மகளுது, நாந்தான் நாலு தெரு நடந்து போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தேன். சங்கிலியில ஒரு மயில் டாலரு. மயிலோட தோகையில வரிசையா அஞ்சு செவப்புக் கல்லு, நடுவுல இருக்குற கல்லு மட்டும் உழுந்து வெறுங்குழியா இருந்துச்சு. நான் பனியன் கம்பெனியில செக்கிங். விடிஞ்சு அடைஞ்சா பனியனத் திருப்பித் திருப்பிப் பாக்குறவ. ஒரு தையல் விட்டிருந்தா என் கண்ணு நேரா அங்கதான் போய் நிக்கும். “ஏனுங்ணா, கல்லு ஒண்ணு இல்லீங்களே”ன்னேன். “படத்துல தெரியாதுங்க தங்கச்சி”ன்னாரு. நானும் விடாம, டாலரக் கொஞ்சம் திருப்பி விடுங்க, நல்லா இருக்கட்டும்னு சொன்னேன். நானே சொன்னேன். நல்லா இருக்கட்டும்னு.

“அம்மா, ஒண்ணு குடும்மா”ன்னு நித்து சேலையப் புடிச்சு இழுக்குறா. கேக்குறது ஸ்டிக்கர. கம்பெனியில பனியன்ல எங்க ஓட்டை இருக்குது, எங்க எண்ணெய்க்கறை இருக்குதுன்னு காட்டுறதுக்கு சின்னதா செவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் குடுப்பாங்க, அதுல ஒரு அட்டை எப்பவும் என்ற பையில கெடக்கும். இவளுக்கு அதுதான் வெளையாட்டுச் சாமான். ஒண்ணைப் பிச்சுக் குடுத்தேன். மூக்கு மேல ஒட்டிக்கிட்டு, மாறுகண்ணு போட்டு அதைப் பாத்துச் சிரிக்கிறா. “ச்சீ, அங்கெல்லாம் ஒட்டக் கூடாது சாமி”ன்னு பிச்சு எறிஞ்சேன். டேமேஜு இருந்தாத்தானே அதை ஒட்டுவோம், என்ற புள்ளைக்கு என்ன டேமேஜு? மூக்கும் முழியுமா இருக்குறா. நல்லா இருக்குறதுதான் இப்பத் தப்பாப் போச்சு. இப்பத்தான் பாக்குறேன், இன்னிக்கு இவளுக்குப் போட்டு வந்திருக்குறது பொறந்தநாள் கவுனு, லேசு வெச்சது, இடுப்புல பூ வெச்சது. ஆபீசுக்குப் போறோமேன்னு தேடி எடுத்துப் போட்டேன். பவுடரு, பொட்டு, ரெண்டு பக்கமும் கிளிப்பு. போட்டோவுல பண்ணின அதே கிறுக்குத்தனத்தை நேருலயும் பண்ணிக்கிட்டு வந்து நிக்கிறேன் பாரு. அவன் எந்திரிச்சு எட்டிப் பாத்தான்னா முடிஞ்சுது கதை. இவள என்ற காலுக்குப் பின்னால நிக்கச் சொன்னேன். என்ன ஏதுன்னு தெரியாமயே ஒளிஞ்சு வெளையாடுறதா நெனச்சுக்கிட்டு முந்தானைக்குள்ள பூந்துட்டா. ஆபீசுக்குப் போறப்பக் கசங்கின துணியோட போனா மதிக்க மாட்டாங்கம்பாங்க, நல்ல துணி போட்டுக்கிட்டுப் போனா உனக்கெதுக்கு மானியம்பாங்க. இதுக்கு நடுவுல என்ன துணிதான் இருக்குது, சொல்லுங்க பாப்போம். பதினாலு பேரு இன்னும்.

இத்தனையும் எதுக்குன்னா ஒரு வட்டல் சோத்துக்கு, ஒரு தட்டுச் சோத்துக்கு. சோறு மட்டும்னா நான் இப்படி வந்து நிக்க மாட்டேன், நானென்ன புள்ளைக்குச் சோறு போட வக்கில்லாதவளா? அஞ்சரைக்கெல்லாம் ஆக்கித் தூக்குப் போசியில போட்டு மூடி வெச்சுட்டு, ஏழரைக்கு அவளக் காப்பகத்துல விட்டுட்டு, எட்டு மணிக்கு நான் கம்பெனியில இருக்கோணும். காலையில அஞ்சரைக்கு ஆக்கின சோறு மத்தியானம் பன்னண்டரைக்கு என்ன லட்சணத்துல இருக்கும்? சித்திரை மாசம் பூரா போசியத் தெறந்தா புளிச்ச வாடை. அப்படியே திருப்பிக் கொண்டாருவா. நான் கழுவி ஊத்துவேன். காப்பகத்துல லிஸ்ட்டுல பேரு இருக்குற புள்ளைகளுக்கு அங்கயே சுடச்சுடச் சோறு, சாம்பாரு, வாரத்துல மூணு நாளு முட்டை. அதுக ஒரு வரிசை. போசி கொண்டு வர்ற புள்ளைக எதுத்தாப்புல ஒரு வரிசை. போன வாரம் கம்பெனியில இருக்குறப்ப ஜெசிந்தா டீச்சர் போன் பண்ணினாங்க. காப்பகத்தைப் பாத்துக்குறவங்க அவங்கதான், தங்கமானவங்க, ஒரு சொல்லு அதட்டிப் பேச மாட்டாங்க. “துளசி, தப்பா நெனச்சுக்காத. இன்னிக்கு முட்டை நாளு. உன் பொண்ணு போசிய மூலையில வெச்சுட்டு, ஒரு வட்டல எடுத்துக்கிட்டுப் போய் அந்த வரிசையில உக்காந்துட்டா. எண்ணித்தான் முட்டை வரும், ஒண்ணு கொறைஞ்சா நாந்தான் பதில் சொல்லணும். வேற வழியில்லாம எழுப்பி விட்டுட்டேன். அழுவலை. பேசாம எந்திரிச்சுப் போய்ட்டா. அதான் எனக்கு மனசு கேக்கல. சீக்கிரம் எழுதிக் குடுத்துரு”ன்னாங்க. எழுப்பி விட்டுட்டேன்னு அவங்க சொன்னப்ப என்ற கையில ஒரு பனியன் இருந்துச்சு, அதை மடிக்கவும் தெரியல, கீழ வைக்கவும் தெரியல. பந்தியில உக்காந்தவங்கள எழுப்பி விடுறது. நான் எட்டு வயசுல எங்க அம்மாவோட ஒரு கல்யாணத்துல உக்காந்தேன், எலை போட்டு, எலைக்குத் தண்ணியும் தெளிச்சாச்சு, உப்பு வெச்சாச்சு. மாப்பிள்ளை வீட்டு ஆளுக வந்துட்டாங்க, நீங்க அடுத்த பந்தியில உக்காருங்கன்னு ஒருத்தன் வந்து எழுப்பினான். எங்க அம்மா அடுத்த பந்திக்கு நிக்கல. என்ற கையப் புடிச்சுக்கிட்டு விறுவிறுன்னு பஸ் ஏறிருச்சு. அன்னிக்கு எலையில வெச்ச உப்பு இன்னும் என் கண்ணுக்குள்ளயே இருக்குது. நானும் அழுவல. எங்க வம்சத்துக்கே எழுப்பி விட்டா அழுக வராதோ என்னமோ. நித்து இதைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ராத்திரி படுக்கப் போறப்ப, “அம்மா, எனக்கு எப்ப வட்டலு?”ன்னு மட்டும் கேட்டா.

சார், என்ற புள்ளைய எழுப்பி விட்டுட்டாங்க சார். இப்படிச் சொன்னா? வேண்டாம். அதை இந்த ஆளுகிட்டச் சொல்றதுக்கு நான் சோறில்லாமயே இருந்துக்குவேன். எங்கூட்டுக்காரரு லோடு ஆட்டோ ஓட்டுறவரு, அவரு வந்திருந்தா என்ன பேசியிருப்பாரு? ஒண்ணும் பேசியிருக்க மாட்டாரு. போனாப் போகுது வா துளசின்னு கூட்டிக்கிட்டு வந்திருப்பாரு. போனாப் போகுது, போனாப் போகுதுன்னே எங்கூட்டுல பாதி போயிருச்சு. எனக்கு அப்படி விடத் தெரியாது, விடவும் மாட்டேன். பன்னண்டு அடிக்கப் பத்து நிமிசம். ஒம்பது பேரு. எனக்குப் பின்னால ஒரு பொண்ணு வந்து நின்னு ரொம்ப நேரமாச்சு, இப்பத்தான் திரும்பிப் பாக்குறேன். தெக்கத்திப் பொண்ணு, பேச்சுலயே தெரியுது. பேரு அழகுமீனாவாம், விருதுநகர்ப் பக்கமாம், வந்து ஒரு வருசம் ஆச்சாம், பவர்டேபிள் தையல் மிசினு படிக்கிறாளாம். “அக்கா, பாரத்துல இது எல்லாம் சரியா இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கக்கா, எனக்குப் படபடன்னு வருது”ன்னு நீட்டினா. உனக்குப் படபடன்னு வர்றதுக்கு நான் வந்து நின்னேன் பாருன்னு நெனச்சுக்கிட்டே வாங்கினேன். போட்டோவுல ஆம்பளைப் புள்ளை. செவப்புக் கோட்டு. கருப்புக் கண்ணாடி. கோட்டுக்கு மேல சங்கிலி. என் கண்ணு எங்க போய் நிக்கோணுமோ அங்க போய் நின்னுச்சு. மயில் டாலரு, தோகையில அஞ்சு கல்லு, நடுக்கல்லு இல்ல, வெறுங்குழி. “ஏங்கண்ணு, இந்தப் போட்டோ எங்க எடுத்தே?” “காப்பகத்துக்கு முக்குல இருக்குல்லக்கா, அந்த ஸ்டுடியோல.” “இந்தச் சங்கிலி?” “ஐயோ, அது நம்மளுது இல்லக்கா, அவரு போட்டு விட்டாரு”ன்னு வெக்கப்பட்டுச் சிரிக்கிறா. என்ற போட்டோவ எடுத்து அவ போட்டோவுக்குப் பக்கத்துல வெச்சேன். அவளுக்கு வெளங்க ரெண்டு நிமிசம் ஆச்சு. நான் காலையில நடந்ததச் சொன்னதும் மூஞ்சி செத்துப் போச்சு. “அப்ப எனக்கும் தர மாட்டாகளாக்கா?” “தருவான், தராம எங்க போவான்”னேன். எனக்குள்ள அப்படி ஒரு வேகம் வந்துருச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ஒரே சங்கிலி ரெண்டு புள்ளைக கழுத்துல எப்படி இருக்கும்? ஒரே கல்லு எப்படி ரெண்டு ஊட்டுல உழுகும்? பையில இருந்து ஸ்டிக்கர எடுத்து, ரெண்டு போட்டோவுலயும் அந்தக் குழிக்கு நேரா அம்புக்குறிய ஒட்டினேன். கம்பெனியில டேமேஜு காட்டுற மாதிரியே, கோணாம, நேரா.

பன்னண்டே கால், பன்னண்டு இருவது. முன்னால ஒரு கெழவரு என்னமோ கேட்டதையே கேட்டுக்கிட்டு நிக்கிறாரு, அந்த ஆளு சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்குறான், நான் மனசுக்குள்ள ரெண்டு பேரையும் வைஞ்சுக்கிட்டு இருக்கேன். பன்னண்டு இருவத்தி அஞ்சுக்கு ஜன்னல் வந்துச்சு. “மறுபடியும் நீயா?”ன்னான். “ஆமாங்க, நாந்தாங்க”ன்னேன். அழுகுற மாதிரி இல்ல, நல்லாத்தான் சொன்னேன். ரெண்டு பாரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, “இங்க பாருங்க சார். இந்தப் பொண்ணு ஆருன்னே எனக்குத் தெரியாது. என்ற புள்ளை கழுத்துல இருக்குற சங்கிலிதான் இவிய பையன் கழுத்துலயும். இந்தக் கல்லப் பாருங்க. ஸ்டுடியோச் சங்கிலிங்க சார் இது”ன்னேன். நெத்தியில இருந்த கண்ணாடி எறங்கி மூக்குக்கு வந்துச்சு. குனிஞ்சு பாத்தான். என்ன நெனச்சானோ, பக்கத்துல கட்டி வெச்சிருந்த காயிதக் கட்டை இழுத்து, கயித்த அவுத்து, ஒண்ணொண்ணாப் பொரட்டுறான். அதுல ஒண்ணு. மயிலு. இன்னொண்ணு. அப்பறம் ஒண்ணு செவப்புக் கோட்டோட. அப்பறம் ஒரு சின்னப் பொண்ணு கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு, அதே மாதிரித் தலையச் சாச்சுக்கிட்டு. எல்லாத்து மேலயும் குறுக்க செவப்புப் பேனாவுல கோடு. தள்ளிட்டான் அத்தனையும். அவன் சிரிக்க ஆரம்பிச்சான். “மேடம், இங்க வாங்களேன், ஊரு பூராம் ஒரே சங்கிலி”ங்கறான். அந்தப் பக்கத்து மேசை அம்மா எந்திரிச்சு வந்து, போட்டோக்கள ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்து, வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. அம்புக்குறிய வேற பாத்துட்டு இன்னும் சிரிக்குது. அழகுமீனாவும் எதுக்குன்னு தெரியாமச் சிரிக்கிறா. நானும் இளிச்சுக்கிட்டு நின்னேன், வேற என்ன பண்றது, காரியம் ஆகோணுமே. உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு எரியுது. அந்தச் செவப்புக் கோடு போட்ட புள்ளைகளோட அம்மாமாருக ஆரும் திரும்பி வந்து நிக்கல. போம்மான்னதும் பாரத்தை அங்கயே விட்டுட்டுப் போயிருக்காங்க. எந்தெந்தப் புள்ளை எந்தெந்த மூலையில புளிச்ச சோத்தோட உக்காந்திருக்குதோ. “சரிம்மா, நீ சொல்றது நெசந்தான், ஒத்துக்கறேன். ஆனா மேல இதைப் பாக்குற ஆபீசருக்கு நீ போய்க் கதை சொல்லப் போறியா? அவங்களுக்குப் படந்தான் பேசும். எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடையில அஞ்சு நிமிசத்துல வேற போட்டோ எடுத்துத் தருவாங்க. சாதாரணமா எடுத்துட்டு வா. வீட்டுல இருக்குற மாதிரி. ஒரு மணிக்குள்ள வரணும்”னான். அப்ப இந்தக் கோடு போட்ட பாரமெல்லாம்னு கேக்க வாயெடுத்தேன். கடிகாரத்தைப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டேன். அதையும் என் பாவக் கணக்குல எழுதிக்கட்டும் சாமி, நான் கேக்காமத்தான் ஓடினேன்.

ஊட்டுல இருக்குற மாதிரின்னா எப்படி இருக்கோணும்? ரோட்டத் தாண்டி ஓடுறப்ப இதேதான் மண்டைக்குள்ள. ஊட்டுல இருக்குறப்பவும் என்ற புள்ளைக்குத் தலை சீவித்தான் விடுறேன், தண்ணி வாத்துத்தான் விடுறேன். ஜெராக்ஸ் கடையில இருந்த பொண்ணு வெள்ளைத் துணி தொங்க விட்டிருந்த செவுத்துகிட்ட நிக்க வைங்கன்னா. லேசு வெச்ச கவுனு. பூ. கிளிப்பு. அந்த ஆளு குரலு காதுல கேக்குது, இந்தப் புள்ளைக்கான்னு. கம்பெனியில வேலை செய்யுறப்பச் சேலைக்கு மேல போட்டுக்கிற சட்டை பையில இருந்துச்சு, எங்கூட்டுக்காரரு போட்டுக் கழிச்சது, காலரு நைஞ்சு, நெறம் வெளுத்துப் போனது. அதை எடுத்து அவ கவுனு மேல மாட்டிக் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டேன். கிளிப்பக் கழட்டினேன். பொட்ட எடுத்தேன். பவுடர முந்தானையில தொடைச்சேன். காலையில நான் சீவி விட்ட தலைய நானே கைய விட்டுக் கலைச்சேன். “வெளையாட்டாம்மா?”ன்னு கேட்டா. ஆமா சாமின்னேன். அந்தப் பொண்ணு போனத் தூக்கினா பாருங்க, இவ டக்குனு கைய எடுத்துக் கன்னத்துல வெச்சுக்கிட்டுத் தலையச் சாச்சு, இருக்குற பல்லு அத்தனையும் காட்டிச் சிரிக்கிறா. ஸ்டுடியோவுல அந்த அண்ணன் சொல்லிக் குடுத்தது. போட்டோன்னா அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டா. எடுத்துக் காட்டினா அந்தப் பொண்ணு. கன்னம் ரெண்டும் உப்பி, கண்ணுல வெளிச்சம். எந்தச் சட்டையப் போட்டு என்ன? சிரிக்கிறப்ப இவ ராசாத்தி மாதிரிதான் இருக்குறா. ராணிக்குச் சோறு எதுக்கும்மாம்பான் அந்த ஆளு. பன்னண்டே முக்கால். “கையக் கீழ விடு கண்ணு. சிரிக்காத.” “ஏம்மா?” கடைப் பொண்ணு மறுபடியும் போனத் தூக்கினா, மறுபடியும் சிரிப்பு, இப்பக் கை மட்டும் கீழ. “சிரிக்காதடீன்னா!” கடையே திரும்பிப் பாக்குற மாதிரி ஒரு சத்தம். எனக்கே தெரியல அது என்ற தொண்டையிலதான் வந்துச்சுன்னு. பொறந்ததுல இருந்து சிரி சிரின்னு சொல்லிச் சொல்லித்தான் இவளப் போன்ல எடுத்திருக்கேன். சிரிப்பு காட்டுறதுக்கு எங்கூட்டுக்காரரு போனுக்குப் பின்னால நின்னு ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்துவாரு. நித்து என்ற மூஞ்சியப் பாத்தா. உதட்ட உள்ள இழுத்து மூடிக்கிட்டா. “இப்ப ஓகேங்கக்கா”ன்னு அந்தப் பொண்ணு எடுத்துட்டா.

ஓடினேன். ஒரு மணிக்கு இன்னும் ஏழு நிமிசம். ஜன்னல்ல வரிசை இல்ல, அழகுமீனா மட்டும் பையனக் கூட்டிட்டு வரோணுமேன்னு கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கிறா; அவ பையன் காப்பகத்துல இருக்குறான். போட்டோவ நீட்டினேன். அந்த ஆளு ஒரு கையில சாப்பாட்டுப் பையத் தூக்கிட்டான் அதுக்குள்ள. போட்டோவ வாங்கி, மேசை மேல கவுத்துப் போட்டு, முதுகுல பசையத் தடவினான். பழசு மேலயே வெச்சு அப்படியே ஒட்டினான். ஒட்டிட்டு, ஒரு குத்து. சீலு பாதி காயிதத்துலயும் பாதி அவ மூஞ்சியிலயும் உழுந்துச்சு. பாக்கல. என்ற புள்ளை சிரிக்குதா, அழுகுதா, சட்டை யாருது, ஒண்ணும் பாக்கல. சட்டையே போடாத சாமி படத்தைக் குடுத்திருந்தாலும் ஒட்டியிருப்பான். “திங்கக்கிழமை பேரு போயிரும்”னான். நன்றிங்க சார்னேன். சொல்லித் தொலைச்சேன். அழகுமீனா, “அக்கா, நான் என்னக்கா பண்ண?”ன்னு புடிச்சுக்கிட்டா. “கடிகாரம் இன்னும் அஞ்சு நிமிசம் காட்டுது சார், போன்ல பையன் போட்டோ இருக்கும், அதை எடுத்துக்கங்க சார்”னு நான் ஜன்னல்ல கைய வெச்சுக்கிட்டேன், சாத்த விடல. இப்ப மட்டும் வாய் வருது. அவ போன்ல தேடித் தேடி, தூங்குற பையன் படம் ஒண்ணைக் காட்டினா, ஜட்டியோட. அந்த ஆளு தலையில அடிச்சுக்கிட்டு, “சரி சரி, பிரிண்ட்ட வாங்கிட்டு வா, ஓடு”ன்னான். அவ ஓடினா.

வெளிய வந்து வேப்பமரத்துக்குக் கீழ நின்னு சட்டையக் கழட்டினேன். கிளிப்பப் போட்டு விட்டேன். வகிடு கோணலாப் போச்சு. ஆச்சு, எல்லாம் ஆச்சு, பேரு போயிருச்சு, சந்தோசப்படு துளசிமணின்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன், சந்தோசம் வந்தாத்தானே. அந்தச் செவப்புக் கோடு போட்ட பாரத்தையெல்லாம் நான் கேட்டிருக்கோணும். ஜெசிந்தா டீச்சர்கிட்டச் சொன்னா அந்த அம்மாமாருக ஆருன்னு தெரியும், திங்கக்கிழமை கூட்டிக்கிட்டு வந்து நிக்கலாம், கடைசி நாளு முடிஞ்சு போச்சும்பான், நிக்கலாம், நின்னு பாக்கலாம். நித்து பக்கம் குனிஞ்சேன். “கண்ணு, திங்கக்கிழமைல இருந்து உனக்கும் வட்டலு. அந்த வரிசையில உக்காந்துக்கலாம். ஆரும் எழுப்ப மாட்டாங்க. முட்டை.” தலைய ஆட்டினா. அப்பறம் கேட்டா, “முட்டை திங்கறப்பச் சிரிக்கலாமாம்மா?” அப்படியே தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டேன். “சிரிக்கலாம் சாமி. இப்பவே சிரிக்கலாம். எங்க, அம்மாவுக்கு ஒண்ணு சிரி”ன்னேன். அவ உதட்ட உள்ள இழுத்து இறுக்கி மூடிக்கிட்டு, யாராச்சும் போட்டோ எடுக்குறாங்களான்னு சுத்திமுத்திப் பாத்தா.